கொடுவா மிதக்குதா? பவுடர் பாக்கெட்டைப் பிரிக்கும் முன் செய்ய வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு போன் அடித்தால் எனக்குத் தெரிந்துவிடும், எங்கோ ஒரு குட்டையில் மீன் மிதக்கிறது. போன வாரம் மேலூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி. "அண்ணே, கொடுவா பத்துப் பதினஞ்சு மிதக்குது, வயித்துல சிவப்புச் சிவப்பா இருக்கு, என்ன பவுடர் போடலாம்னு மட்டும் சொல்லுங்க." அந்த "மட்டும்"தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஆன்டிபயாடிக் பவுடர் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறான், நான் சரி என்று சொன்னால் போதும், கொட்டிவிடுவான்.

மதுரையைச் சுற்றிப் பண்ணைக்குட்டையில் நல்ல தண்ணீரில் கொடுவா வளர்ப்பவர்களுக்கும், என்னைப் போல மண்டபம் பக்கம் கடலில் கூண்டு போட்டவர்களோடு பங்கு சேர்ந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கொடுவா கடல் மீன்தான் என்றாலும் பழக்கினால் நல்ல தண்ணீரிலும் வளரும், அதனால்தான் கடலில்லாத நம் ஊரிலும் இந்தத் தொழில் வந்தது. நோயும் கூடவே வந்தது.

முதலில் என் கதை. கொரோனாவுக்கு முந்தைய வருடம் எங்கள் கூண்டில் மீனுக்கு வால் அரித்து, உடம்பில் புண் வந்தது. மனிதர்களுக்கான சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை, சீட்டு கேட்காத ஒரு மருந்துக் கடையில் பெட்டி பெட்டியாக வாங்கி, இடித்துத் தீவனத்தில் கலந்து போட்டோம். நான்கு நாளில் சாவு நின்றது. ஆறாம் நாள் நிறுத்திவிட்டோம், மருந்து காசு மிச்சம் என்று சந்தோஷம் வேறு. அடுத்த வருடம் அதே புண், அதே மாத்திரை. பத்து நாள் போட்டும் ஒன்றும் கேட்கவில்லை, இருமடங்கு போட்டோம், அப்போதும் கேட்கவில்லை. கூண்டு காலி. பிறகு சாம்பிள் கொடுத்துப் பார்த்தபோது, பரிசோதனைத் தட்டில் அந்த மருந்து வில்லையை ஒட்டி உரசிக்கொண்டு பாக்டீரியா படர்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்த மருந்து சேர்ந்த ஃப்ளோரோகுயினலோன் வகை முழுவதுமே மீன், இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டது என்பதும் அன்றைக்குத்தான் தெரியும். அப்படியொரு முட்டாள்தனம்.

மருந்து ஏன் தோற்றுப்போகிறது

ஒரு சொட்டுக் குட்டைத் தண்ணீரில் பாக்டீரியா ஆயிரக்கணக்கில் இருக்கும். அதில் ஒன்றிரண்டுக்கு ஏதோ ஒரு மருந்தைத் தாங்கும் குணம் முன்பே இருக்கும். நாம் மருந்து போட்டால் மற்றவை செத்து அவற்றுக்கு இடம் விட்டுக்கொடுக்கின்றன, அரைகுறையாகப் போட்டால் நடுத்தரமாகத் தாங்குபவையும் தப்பித்துக்கொள்கின்றன. இது பாதிக் கதைதான். மீதிப் பாதி இன்னும் மோசம்: அந்தத் தாங்கும் குணத்தைப் பிளாஸ்மிட் என்கிற சின்ன வளையத்தில் வைத்து ஒரு பாக்டீரியா பக்கத்திலிருக்கும் இன்னொன்றுக்குக் கைமாற்றிவிடும், பக்கத்திலிருப்பது வேறு இனமாக இருந்தாலும் சரி. ஜப்பானில் கடல் கூண்டுகளில் மஞ்சள்வால் மீனைத் தாக்கும் ஃபோட்டோபாக்டீரியம் என்ற கிருமியில் பல மருந்துகளை ஒன்றாகத் தாங்கும் இப்படிப்பட்ட பிளாஸ்மிட்டுகளைப் பல வருடங்களுக்கு முன்பே கண்டார்கள். ஃப்ளோர்ஃபெனிகால் என்ற மருந்தைத் தாங்கும் மரபணுவை முதலில் அடையாளம் கண்டதும் அதே கிருமியில்தான். தண்ணீரிலிருந்து மனிதக் கிருமிக்கும் போகும். ஆஸ்பத்திரிக் கிருமிகளில் தலைவலியாக இருக்கும், மருந்தைத் தாங்க வைக்கும் க்யூஎன்ஆர்ஏ என்ற மரபணுவின் பூர்வீகம் தண்ணீரில் வாழும் ஷெவனெல்லா ஆல்கே என்ற பாக்டீரியா என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். ஆக, குட்டையில் போடுவது குட்டையோடு போய்விடும் என்று நினைக்காதீர்கள்.

கடல் தண்ணீரில் இன்னொரு சங்கடம். ஆக்ஸிடெட்ராசைக்ளின் கடலிலுள்ள கால்சியம், மக்னீசியத்தோடு ஒட்டிக்கொள்ளும், மீன் குடலில் ஏறுவது கொஞ்சம்தான், பெரும்பகுதி சாணியாகவும் தின்னாத தீவனமாகவும் கூண்டுக்கடியில் சேற்றில் போய் உட்கார்ந்து வெகுநாள் கிடக்கும். சேற்றிலுள்ள பாக்டீரியாவுக்கு அது தினமும் பயிற்சி வகுப்பு.

முதல் வேலை: மருந்தை எடுக்காமல் மீட்டரை எடுங்கள்

மீன் மிதந்தால் உடனே கிருமி என்று முடிவு கட்டாதீர்கள். விடிவதற்கு முன், ஐந்து மணி வாக்கில், தண்ணீரில் ஆக்சிஜன் அளவு பாருங்கள். பகலில் பார்த்தால் பாசி உற்பத்தி செய்த ஆக்சிஜனால் 7, 8 என்று காட்டும், ராத்திரி முழுக்க அதே பாசி உறிஞ்சிவிட்டு விடியற்காலை 2-க்கு இறக்கியிருக்கும். கொடுவாவுக்கு 4 பிபிஎம்-முக்கு, அதாவது பத்து லட்சத்தில் நாலு பங்குக்கு, கீழே போகவிடக்கூடாது, 5 இருந்தால் நிம்மதி. அப்புறம் அம்மோனியா, பிஹெச். பிஹெச்சும் வெயிலும் ஏற ஏற அதே அம்மோனியா அதிக விஷமாகும், அதனால் சித்திரை வெயிலில் நம் குட்டைகளில் பரிசோதனைக் கிட் காட்டும் எண்ணை மட்டும் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம்.

மூச்சுத் திணறிய மீன், அம்மோனியாவில் செவுள் வெந்த மீன், இரண்டுமே பலவீனமாகி அதற்குப் பிறகுதான் கிருமியில் மாட்டும். தண்ணீரைச் சரி செய்யாமல் மருந்து போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது. தீவனத்தை அன்றைக்கு நிறுத்துங்கள், ஏரேட்டரைப் போடுங்கள், முடிந்தால் தண்ணீரில் நாலில் ஒரு பங்கை மாற்றுங்கள். பாதிப் போன்கள் இத்துடனே முடிந்துவிடும்.

செவுளைத் திறந்து பாருங்கள்

ஒரு சின்ன மைக்ரோஸ்கோப் வாங்கி வையுங்கள், பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கும் அளவுக்கு இருந்தால் போதும். உயிர் இருக்கிற மீனின் செவுளிலிருந்து நகத்தளவு கிள்ளி, அந்தக் குட்டைத் தண்ணீரே ஒரு சொட்டு விட்டு, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பாருங்கள். கொடுவா செவுளில் புழு மாதிரி நெளிகிற டிப்லெக்டனம் இருந்தால் அது ஒட்டுண்ணி, ஆன்டிபயாடிக்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கடல் கூண்டில் உடம்பில் ஊரும் பேன், கண்ணுக்கு மேல் ஒட்டியிருக்கும் தட்டையான புழு இரண்டும் சகஜம். அவற்றுக்கு நல்ல தண்ணீரில் சில நிமிடம் குளிப்பாட்டினாலே உதிர்ந்துவிடும், ஆனால் கூடவே காற்று விட வேண்டும், மீனை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக்கூடாது.

குஞ்சு சுற்றிச் சுற்றி நீந்தி, கறுத்துச் செத்தால் அது நரம்பைத் தாக்கும் நோடா வைரஸாக இருக்கலாம். வைரஸுக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் கிடையாது. பெரிய மீன் சுற்றினால், கண் பிதுங்கினால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனியே என்ற பாக்டீரியாவைச் சந்தேகப்படலாம். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது, வாட்ஸாப்பில் போட்டோ பார்த்து மருந்து சொல்கிறவராலும் முடியாது. இடையில் ஒன்று: இந்த இனியே கிருமி கையில் முள் குத்திய இடத்தில் மனிதர்களுக்கும் ஏறும், 1995-96-இல் கனடாவின் டொரன்டோவில் திலேப்பியா (நம் ஜிலேபிக் கெண்டை) மீனைச் சுத்தம் செய்தவர்களுக்கு வந்தது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

சாம்பிள் எடுப்பது

இங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். செத்து மிதக்கிற மீனைப் பையில் போட்டு அனுப்புகிறார்கள். நம் ஊர் வெயிலில் செத்த மீனில் இரண்டு மணி நேரத்தில் குடலிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் கண்ட பாக்டீரியாவும் ஏறிவிடும், லேபில் வளர்வது நோய்க்குக் காரணமானதா, பிணத்தைத் தின்ன வந்ததா என்று யாருக்கும் தெரியாது. நோய் வந்து, ஆனால் இன்னும் உயிரோடு இருக்கும் மீன் மூன்று முதல் ஐந்து வேண்டும். ஆக்சிஜன் அடைத்த பையில் உயிரோடு கொண்டுபோவது நல்லது. முடியவில்லை என்றால் ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும், ஃப்ரீசரில் உறைய வைக்கக்கூடாது. ரொம்ப முக்கியம், மருந்து போடுவதற்கு முன் எடுத்திருக்க வேண்டும். ஒரே ஒரு வேளை மருந்து உள்ளே போயிருந்தாலும் லேபில் ஒன்றும் வளராமல் போகலாம்.

எங்கே கொடுப்பது? மதுரையிலிருந்து தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் கிட்டத்தட்ட ஒரே தூரம், சுமார் 150 கிலோமீட்டர், விடியற்காலை கிளம்பினால் பத்து மணிக்குள் சேர்ந்துவிடலாம். போவதற்கு முன் போன் செய்துவிட்டுப் போங்கள். கடல் விரால் குஞ்சை இந்தியாவில் முதன்முதலில் 2010-இல் பொரிக்க வைத்தது மண்டபத்துக்காரர்கள்தான், கூண்டு மீனைப் பற்றி அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொடுவாவுக்கு சென்னையிலுள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், 1997-இலேயே கொடுவாவைப் பொரிக்க வைத்தவர்கள். மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலும் சொல்லி வையுங்கள். மீன் நோயைப் புகார் செய்ய 2023-இல் மத்திய அரசு ஒரு கைபேசிச் செயலியும் விட்டிருக்கிறது.

நம் ஊரிலுள்ள ரத்தப் பரிசோதனை லேபில் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கொடுத்திருக்கிறேன். "வளர்ச்சி இல்லை" என்று ரிப்போர்ட் வந்தது, மீன் அங்கே கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தது. மனிதக் கிருமிக்காக 37 டிகிரியில் வைப்பார்கள், மீன் கிருமிக்கு 28 டிகிரி வாக்கில் வைக்க வேண்டும், விப்ரியோ என்ற கடல் பாக்டீரியாவுக்கு அதை வளர்க்கும் ஊட்டத்தில் உப்பும் வேண்டும். உப்பில்லாத தட்டில் விப்ரியோ வளராமல் இருப்பது கிருமி இல்லை என்பதற்கு அத்தாட்சி அல்ல. லேபில் சிறுநீரகம், மண்ணீரல், சுற்றுகிற மீன் என்றால் மூளையிலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள்; வெறும் புண்ணைத் துடைத்துப் பார்த்தால் தண்ணீரிலுள்ளதெல்லாம் வரும்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லைகளை மேலே வைப்பார்கள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி ஒரு வெற்று வட்டம் விழும், அதை மில்லிமீட்டரில் அளந்து, கேட்கும் என்றால் எஸ், கேட்காது என்றால் ஆர், நடுவில் இழுத்துக்கொண்டு நிற்பது ஐ. பெரிய வட்டம் விழுந்த மருந்தே சிறந்த மருந்து என்று ஒரு மூடநம்பிக்கை நம்மிடம் இருக்கிறது, அது தப்பு. ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு, ஒன்றுக்கு 18 மில்லிமீட்டர் போதும், இன்னொன்றுக்குப் போதாது. அந்த அளவுகோலும் மனிதக் கிருமிக்கானதா மீன் கிருமிக்கானதா என்று கேளுங்கள். மீன் கிருமியில் சிலவற்றுக்கு மட்டுமே தனி அளவுகோல் வகுத்திருக்கிறார்கள், அதனால் "எஸ்" என்ற ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு கடைக்கு ஓடாமல் ரிப்போர்ட் கொடுத்தவரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

எஸ் என்று வந்தாலும் எல்லாவற்றையும் போட்டுவிட முடியாது. குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் வகைகள், நியோமைசின், மெட்ரோனிடசோல், ஃப்ளோரோகுயினலோன் எல்லாம் கடலோர மீன்வளர்ப்பு ஆணையத்தின் தடைப் பட்டியலில் இருப்பவை. கோலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் எந்தப் பிராணிக்கும் கொடுக்கக்கூடாது என்று 2019-இலேயே தடை வந்தது. மேலூர் கடலோரம் இல்லையே என்று வாதாடாதீர்கள், மீன் சந்தைக்கு வந்தால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் எல்லோருக்கும்தான். ஆக்ஸிடெட்ராசைக்ளின் மீன் சதையில் 0.1 பிபிஎம்-முக்கு மேல் மிச்சம் இருக்கக்கூடாது என்று அதில் அளவு வைத்திருக்கிறார்கள்.

மருந்து போட்டே ஆக வேண்டும் என்றால்

மீன் மருத்துவம் தெரிந்த மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும். அவர் எழுதிய பிறகு கணக்கு உங்கள் பொறுப்பு, கடைக்காரர் பாக்கெட்டைக் கொடுத்து "ஒரு கிலோ தீவனத்துக்கு அஞ்சு கிராம்" என்பதை நம்பாதீர்கள். மருந்து மீனின் எடைக்குத்தான், தீவனத்தின் எடைக்கு அல்ல. உதாரணத்துக்கு, 2,000 மீன், ஒவ்வொன்றும் 250 கிராம், மொத்தம் 500 கிலோ. ஒரு கிலோ மீனுக்கு நாளுக்கு 10 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் ஒரு நாளைக்கு 5 கிராம் மருந்து. பவுடரில் மருந்து பாதிதான், அதாவது 50 சதவீதம் என்றால் 10 கிராம் பவுடர். இப்போது மீன் எவ்வளவு தின்கிறது? நல்லா இருக்கும்போது 15 கிலோ தின்றது, நோயில் 5 கிலோ மட்டும் என்றால் அந்த 10 கிராம் பவுடரை 5 கிலோவில் கலக்க வேண்டும், கிலோவுக்கு 2 கிராம். அதே 2 கிராம் கணக்கில் 15 கிலோ போட்டால் மும்மடங்கு மருந்து, இரண்டரை கிலோதான் தின்றது என்றால் பாதி. பாதி மருந்து என்பதுதான் நான் மேலே சொன்ன பயிற்சி வகுப்பு.

தீவனத்தில் கலந்த பவுடர் தண்ணீரில் கரைந்துவிடாமல் இருக்க, கிலோவுக்கு 20, 30 மில்லி மீன் எண்ணெய் பூசி நிழலில் உலர்த்துங்கள். காலையில் பசியோடு இருக்கும் நேரத்தில் போடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக. இதில் ஒரு கசப்பான விஷயம் இருக்கிறது: நோய் முற்றிய மீன் தின்னவே தின்னாது, அதனால் மருந்து அதற்குப் போய்ச் சேராது, இன்னும் தின்றுகொண்டிருக்கும் மீனைத்தான் நாம் காப்பாற்றுகிறோம். சாவு நின்றதும் நிறுத்தாதீர்கள், எழுதிய நாள்வரை போடுங்கள், வழக்கமாகப் பத்து நாள். மூன்று நான்கு நாளாகியும் சாவு குறையவில்லை என்றால் அளவைக் கூட்டுவது என் பழைய முட்டாள்தனம், நீங்கள் திரும்ப சாம்பிள் எடுங்கள். இரண்டு மருந்தைக் கலந்து "எதுக்கும் இருக்கட்டும்" என்று போடுவதும், குட்டைத் தண்ணீரில் நேரே கொட்டுவதும் வேண்டவே வேண்டாம்.

முடிந்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பிடிக்கலாம்? மருத்துவர் சொல்லும் நாள் கணக்குதான் சட்டம். ஐரோப்பாவில் தனிக் கணக்கு இல்லாத மருந்துக்கு 500 டிகிரி-நாள் என்று ஒரு பொது வழக்கம் உண்டு, தண்ணீரின் வெப்பத்தையும் நாளையும் பெருக்கினால் 500 வர வேண்டும். நம் குட்டை 29 டிகிரி என்றால் 18 நாள். கரிமேட்டு மீன் சந்தையில் விலை ஏறியிருக்கிறது என்று அஞ்சாம் நாளே வலை போட்டால், அந்த மருந்து யார் வீட்டுக் குழம்பில் போய்ச் சேரும் என்று உங்களுக்கே தெரியும். எந்தக் குட்டை, என்ன மருந்து, எத்தனை நாள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அடுத்த தடவை லேபில் முதலில் கேட்பது அதைத்தான்.

வராமல் பார்ப்பது

கொடுவா ஒன்றை ஒன்று தின்னும். ஒரே வயதுக் குஞ்சிலும் ஒன்று விரல் நீளம், ஒன்று இரண்டு விரல் நீளம் என்று வளரும், பெரியது சின்னதைக் கடிக்கும், கடித்த காயத்தில் விப்ரியோ நுழையும். குஞ்சாக இருக்கும்போது வாரம் ஒரு தடவை பிரித்து, ஒரே அளவுள்ளதை ஒன்றாக விடுங்கள். இது ஒன்றைச் செய்தாலே எத்தனையோ பவுடர் பாக்கெட் மிச்சம்.

கூண்டுக்காரர்கள் சங்காயம் என்கிற மலிவான கழிவு மீனைப் போட்டு வளர்க்கிறார்கள், விலை குறைவு. ஆனால் அந்த மீன் ஐஸ் இல்லாமல் நாள் முழுக்கக் கிடந்து வருகிறது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கிடைப்பது இன்னும் பழசு, வெயிலும் அப்போதுதான் உச்சம். பெல்லட் தீவனத்துக்கு மாறுங்கள், முடியாவிட்டால் அந்த இரண்டு மாதமாவது. வலையில் பாசி அடைத்தால் மாற்றுங்கள், நீரோட்டம் நின்றால் மீன் தன் சாணித் தண்ணீரிலேயே மூச்சு விடும். செத்த மீனை அன்றன்றே எடுத்துச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

நம் பக்கத்தில் தனியாக ஒரு பழக்கம் உண்டு: கொடுவாவுக்கு உணவாக ஜிலேபிக் கெண்டையை வளர்த்து, அந்தக் கெண்டைக்குக் கோழி எருவைப் போடுவது. கோழிப் பண்ணையில் என்னென்ன ஆன்டிபயாடிக் ஓடியிருக்கிறதோ அதன் மிச்சமும், அதைத் தாங்கப் பழகிய பாக்டீரியாவும் எருவோடு குட்டைக்குள் இறங்கும். நீங்கள் ஒரு மாத்திரைகூட வாங்காமல் இருந்தும் ரிப்போர்ட்டில் ஆர், ஆர் என்று வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

தடுப்பூசியை மீனுக்குப் போடுவதா என்று சிரிக்காதீர்கள். நார்வேயில் 1987-இல் சால்மன் மீனுக்கு 50 டன் வாக்கில் ஆன்டிபயாடிக் கொட்டினார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எண்ணெய் கலந்த தடுப்பூசி வந்த பிறகு அது ஒன்றிரண்டு டன்னுக்கு இறங்கியது, மீன் உற்பத்தியோ பல மடங்கு ஏறியது. ஒவ்வொரு குஞ்சுக்கும் ஊசி. சிலியில் சால்மன் வளர்ப்பவர்களை வாட்டும் கிருமிக்குத் தடுப்பூசி சரியாகப் பிடிபடவில்லை, வருடத்துக்கு 500 டன்னுக்கு மேல் ஆன்டிபயாடிக் போட்ட வருடமும் உண்டு. நம் கொடுவாவுக்குக் குஞ்சு வாங்கும்போதே பொரிப்பகத்தில் தடுப்பூசி உண்டா, நோடா வைரஸ் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவர்களே சொல்வார்கள்.

சரி, மேலூர்த் தம்பி. அன்றைக்கே ஏரேட்டரைப் போட வைத்தேன், விடியற்காலை ஆக்சிஜன் 2.3 இருந்தது. இரண்டு நாளில் சாவு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை, சாம்பிளைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோனான். நேற்று ராத்திரி போன். ரிப்போர்ட்டில் இருந்த ஆறு வில்லையில் இரண்டைச் சுற்றி வட்டமே விழவில்லையாம், அதில் ஒன்று அவன் வாங்கி வைத்திருந்த பவுடர். "அண்ணே, ரெண்டு கிலோ இருக்கு, கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேங்கிறார், என்ன பண்றது?" கால்நடை மருத்துவமனையில் மருந்துக் கழிவோடு சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டுச் சொல்கிறேன், அதுவரை பாக்கெட்டைப் பிரிக்காமல் மேலே வை, கண்மாயில் மட்டும் கொட்டிவிடாதே என்றேன்.